நாலு தெளிவான படங்கள்

"'இணைக்கப்பட்டுள்ள படங்களில் எதுவும் விளங்கவில்லை. சாட்சியால் பயணம் செய்ய முடியாது என்பதை இவற்றைக் கொண்டு ஏற்க இயலாது.' காதுல விழுந்துச்சா அக்கா?"

நீதிபதியின் உத்தரவைக் கணினித் திரையிலிருந்து வாசித்துவிட்டு மரினால்வா நிமிர்ந்தாள். எதிர் மேஜையில் அவளுடைய கூட்டாளி பெரெனீஸி, வெண்ணெய் தடவிய மரவள்ளி அடையை மென்றுகொண்டிருந்தாள்.

"என்னை ஏன்டி முறைக்கிற?"

"நீங்க பண்ணின பிடிஎஃப்தானே? போட்டோவைக் காகிதத்துல அச்சடிச்சு, அந்தக் காகிதத்தைத் திருப்பி ஸ்கேன் பண்ணி அனுப்பினா, கால் எது கட்டில் எதுன்னு அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"

"கையில தொட்டுப் பார்க்க ஒரு தாள் இருந்தாத்தான் எனக்கு நம்பிக்கை. உன்னை மாதிரி கறுப்புத் திரையில மந்திரம் எழுதி மனு போட எனக்கு வராது."

"மந்திரம் இல்ல, இலவச மென்பொருள். உலகமே சேர்ந்து எழுதினது. உங்க ஸ்கேனர் மாதிரி இருமாது."

பெரெனீஸி வாய்விட்டுச் சிரித்தாள். மரினால்வாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உத்தரவின் கடைசி வரி அப்படி. தெளிவான படங்கள் தரப்படாவிட்டால் சாட்சி நேரில் வந்தாக வேண்டும்.

நஸில்டா நேரில் கிளம்பினால் நீதிமன்றம்வரை உயிரோடு வந்து சேர மாட்டாள். அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் ஓட்டாவியானோவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் காணொளி விசாரணையே கூடாது என்று அவர் அப்படி மல்லுக்கு நின்றார்.

நிலமில்லாதவர்களின் சங்கத் தலைவர் ஜெனிவாலை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டது பண்ணை மேலாளர் அனாக்லேட்டோ. பார்த்தவள் நஸில்டா ஒருத்தி மட்டும். அவள் வாக்குமூலம் கொடுத்த கொஞ்ச நாளில், செம்மண் சாலையில் அவள் மோட்டார் சைக்கிளைப் பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்துத் தூக்கி எறிந்தது. செத்துவிட்டாள் என்று நினைத்துப் போய்விட்டார்கள். சாகவில்லை. இடது காலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளோடு, அரகுவாயா ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஓர்மிந்தோ என்கிற மரவள்ளி மாவு வறுப்பவரின் வீட்டில் ஒளிந்திருந்தாள். அந்த வீட்டில் தொலைபேசி எடுக்காது. அங்கே போகும் வழி மரினால்வாவுக்குத் தெரியும். பெரெனீஸிக்குக்கூடத் தெரியாது. கேட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மரினால்வா மறுபடி ஆறு தாண்டிப் போனாள். மழையில் சாலை அரித்துப் புதுப்புதுப் பாதையாகப் பிரிந்திருந்ததால், தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஓட்டினாள். கட்டிலில் சாய்ந்திருந்த நஸில்டாவின் காலை நாலு கோணத்தில் படம் எடுத்தாள். சன்னலைத் துணியால் மூடச் சொன்னாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றச் சொன்னாள். படத்தில் கால் தவிர வேறு எதுவும் தெரியக் கூடாது என்பதில் அத்தனை கவனம்.

திங்கட்கிழமை காலையில் மனுவைத் தயார் செய்தாள். லிப்ரே ஆபீஸில் தட்டச்சு செய்து, நீதிமன்றம் கேட்கிற ஆவணக்காப்பு வகையிலேயே பிடிஎஃப் ஆக்கினாள். மருத்துவரின் கடிதத்தை ஸ்கேன் செய்து, தேடினால் எழுத்து அகப்படும்படி இன்னொரு மென்பொருளுக்குள் செலுத்தி எடுத்தாள். நாலு படங்களையும் ஒரு சிறு நிரலால் கோத்தாள். அந்த நிரல் படத்தை நசுக்காது, மாற்றி எழுதாது. தொலைபேசி கொடுத்ததை அப்படியே பக்கத்தில் உட்கார வைக்கும். அதனால்தான் அவளுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம். கடைசியாக, பிடிஎஃபின் பண்புகளில் இருந்த தயாரித்தவர் பெயர், தேதி, கணினியின் பெயர் எல்லாவற்றையும் துடைத்தாள். மின்கையெழுத்துச் சாவியைச் செருகினாள். நீதிமன்றத் தளம் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தது.

"இணைப்பு நாலு, நாலு படம். காலில் ஒவ்வொரு தையலும் எண்ணலாம்" என்றாள் மரினால்வா.

"ஒண்ணை எனக்கு அச்சடிச்சுக் கொடு. கோப்புல வைக்கணும்."

"திருந்தவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"சரி, ஒரு வேடிக்கை காட்டறேன், வாங்க. என் தொலைபேசியிலேர்ந்து எடுக்கல. நீதிமன்றத்துக்குப் போன அதே பிடிஎஃப்லேர்ந்து உருவறேன். ஒரு துளி குறையாம வெளிய வரும். உங்க ஸ்கேன்ல இது நடக்குமா?"

தளத்திலிருந்து தன் மனுவையே தரவிறக்கினாள். ஒரு வரி ஆணை. நாலு படங்களும் தனித்தனிக் கோப்பாக வந்து விழுந்தன. முதல் படத்தைத் திறந்தாள். வீங்கிய கால், கம்பிகள், தையல். கண்ணாடி மாதிரி தெளிவு.

"நல்லாத்தான் இருக்கு" என்று குனிந்தாள் பெரெனீஸி. "இது என்னடி, பக்கத்துல?"

"எது?"

"இந்த வரைபடம்."

படத்தின் வலப்பக்கம் ஒரு சின்னப் பட்டை திறந்திருந்தது. எடுத்த நாள். தொலைபேசியின் வகை. அதற்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு வரைபடம். நீல நிறத்தில் ஆறு. ஆறு வளைகிற இடத்தில், பச்சைக்கு நடுவே, சிவப்பாக ஒரு குறி.

மரினால்வா அதைப் பெரிதாக்கினாள். கூரை தெரிந்தது. மாவு வறுக்கும் கொட்டகை தெரிந்தது. கிணறு தெரிந்தது.



பிடிஎஃபின் மேலே இருந்ததைத் துடைத்தாளே தவிர, உள்ளே இருந்த படம் தன் வயிற்றில் எதைச் சுமந்துகொண்டிருந்தது என்று பார்க்கவில்லை. வேறு எந்த வக்கீல் செய்திருந்தாலும் படத்தை நசுக்கியிருப்பார். நசுங்கியபோது, எடுத்த இடத்தைத் தொலைபேசி படத்துக்குள் எழுதிவைக்கும் இடக்குறிப்பும் செத்திருக்கும். பெரெனீஸி செய்திருந்தால் காகிதத்தோடு போயிருக்கும். ஒரு துளிகூடக் குறையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தவள் இவள் மட்டும்தான்.

"மரினால்வா. என்னடி ஆச்சு? ஏன் இப்படி வெளுத்துப் போயிட்ட?"

"நஸில்டா இருக்கற இடம், அக்கா."

பெரெனீஸி அன்றைக்கும் கடித்துக்கொண்டிருந்த அடை கையிலிருந்து நழுவி மேஜை மேல் விழுந்தது.

மரினால்வா வழக்கின் பக்கத்தைத் திறந்தாள். இணைப்பு நாலுக்கு எதிரே சின்னதாய் ஒரு வரி. எதிர்த்தரப்பு வழக்கறிஞரால் பார்வையிடப்பட்டது.

"அழிச்சிடு! உடனே அழி!"

"போட்டதை நம்மளால அழிக்க முடியாது. நீதிபதி உத்தரவு போட்டாத்தான் மறைப்பாங்க."

"போலீஸ்..."

"எந்த போலீஸ்? லீவு நாள்ல அந்தப் பண்ணைக்கே காவல் நிக்கற சார்ஜெண்ட்கிட்டயா?"

பெரெனீஸி திரையில் அந்த வரியை மறுபடி வாசித்தாள்.

"பார்த்திருக்காங்க. ஆனா கால்தானே பார்த்திருப்பாங்க" என்றாள் மரினால்வா. அவளுக்கே அவள் குரல் அந்நியமாக ஒலித்தது. "உள்ள தோண்டணும்னு இன்னும் தோணியிருக்காது. தோணறதுக்குள்ள அவளைக் கிளப்பணும். நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் போறேன். நீங்க நீதிமன்றத்துக்குப் போங்க. நீதிபதியை நேர்ல பாருங்க. வாயால மட்டும் சொல்லுங்க. எதையும் எழுதிப் போடாதீங்க."

"சரிடி. நீ கிளம்பு."

"எழுதாதீங்க அக்கா!"

"கேட்டுச்சு, போ!"

படகுத்துறைக்குப் போகும் சாலையில் மரினால்வா மூன்று முறை கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நான்காவது முறை பார்க்கத் தோன்றவில்லை. அப்போது பார்த்திருக்க வேண்டும்.

வண்டிகளை ஏற்றிச் செல்லும் இரும்பு மிதவை புறப்படத் தயாராக நின்றது. ஒரு மாட்டு லாரி, ஒரு பேருந்து, அவளுடைய பழைய வெள்ளைக் கார். சங்கிலியைத் தூக்கப் போகும் நேரத்தில் இன்னொரு வண்டி சரிவில் இறங்கி ஏறியது. சாம்பல் நிறப் பிக்கப். உள்ளே இரண்டு பேர்.

மிதவை நகர்ந்தது. பிக்கப்பிலிருந்து சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் இறங்கினான். பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்கும் குப்புவாசுப் பழ ஐஸின் முனையைப் பல்லால் கடித்து, குழந்தை மாதிரி உறிஞ்சிக்கொண்டே வந்தான். அவள் கார் சன்னலில் சாய்ந்தான்.

"மரினால்வா வக்கீலம்மாதானே? ரேடியோல பேசுவீங்களே. எங்க வீட்டுக்காரி உங்க ரசிகை."

"அப்படியா. சந்தோஷம்."

"'உரிமை, உரிமை'ன்னு நீங்க பேசறதைக் கேட்டுட்டு எனக்கு சோறு போடவே மாட்டேங்கறா." சிரித்தான். "திங்கட்கிழமை வேலை நேரத்துல ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன வக்கீலம்மா? மீன் பிடிக்கவா?"

"கட்சிக்காரரைப் பார்க்க."

"பாவம், எங்க இருக்காரு அவரு?"

"அது அவருக்கும் எனக்கும்."

"அதுவும் சரிதான். தொழில் ரகசியம்." ஐஸை உறிஞ்சினான். கண் மட்டும் சிரிக்கவில்லை. கார் பின் இருக்கை, காலடி, கைப்பை என்று ஒவ்வொன்றாக மேய்ந்துவிட்டுத் திரும்பியது.

அவன் போனதும் மரினால்வா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். 

இவர்களுக்கு இடம் தெரியுமா, தெரியாதா?

தெரிந்திருந்தால், இவர்களை முந்திக்கொண்டு பறக்க வேண்டும். தெரியாவிட்டால், பறப்பதுதான் ஆபத்து. இவர்கள் தேடுகிற வாசலுக்குத் தானே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனது மாதிரி ஆகிவிடும். இரண்டில் எது என்று தெரியாமல் அக்கரையில் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அக்கரையிலோ சாலை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் ஆற்றோரமாக ஓர்மிந்தோ வீட்டுக்கு. இடப்பக்கம் சாந்தா ருஃபினா ஊருக்கு.

மிதவை கரை தட்டியது. மாட்டு லாரி இறங்கியது. பேருந்து இறங்கியது. மரினால்வா இறங்கி, சரிவில் ஏறி, பிரிவுக்கு முன்னாலேயே காரை ஓரம் கட்டினாள். கீழே இறங்கி முன்மூடியைத் தூக்கி நிறுத்தினாள்.

பிக்கப் மெதுவாக அவளைக் கடந்தது. வலப்பக்கம் திரும்பினால் தெரியும் என்று அர்த்தம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பிக்கப் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மாமரத்தடியில் நின்றது.

"என்னாச்சு வக்கீலம்மா?" சிவப்புச் சட்டை தலையை நீட்டினான். "உதவி வேணுமா?"

"சூடாயிடுச்சு. தண்ணி ஊத்தினா சரியாப் போகும்."

"எந்தப் பக்கம் போகணும்? நாங்க வேணா கொண்டுபோய் விடறோம்."

எந்தப் பக்கம் என்று கேட்கிறான். அப்படியானால் தெரியாது. இன்னும் தெரியாது.

மிதவையில் டிக்கெட் கிழிக்கும் க்ரெவுசா, வாளியில் ஆற்றுத் தண்ணீரோடு மேடேறி வந்தாள். ஓர்மிந்தோவின் மனைவிக்குக் கூடப் பிறந்த தங்கை. முதல் தடவை நஸில்டாவை வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்து ஆறு தாண்ட வைத்தவளே அவள்தான்.

"இந்த டப்பா வண்டியைத் தூக்கி ஆத்துல போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது வக்கீலம்மா!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டே தூக்கிய முன்மூடிக்குள் தலையை நுழைத்தாள். மரினால்வாவும் நுழைத்தாள். அனல் முகத்தில் அடித்தது.

"க்ரெவுசா, அந்த வீட்டுல யாரும் இருக்கக் கூடாது. இப்பவே. ஓர்மிந்தோவும்தான்."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த க்ரெவுசாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஊற்றினாள். "அந்த மாமரத்தடி ஆளுங்களா?"

"ஆமா. சாலையில போகாதே. படகுல போ."

"எங்க கூட்டிட்டுப் போகட்டும்?"

மரினால்வா வாய் திறந்தாள். இரண்டு மூன்று இடங்கள் நாக்கு நுனிவரை வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"எனக்குச் சொல்லாதே. எப்பவும் சொல்லாதே."

க்ரெவுசா நிமிர்ந்து, பாவாடையில் கையைத் துடைத்தாள். "டேய் பாவ்லோ!" என்று மிதவைக்காரனை நோக்கிக் கூவினாள். "நான் எங்க அக்கா வீட்டுல சாப்பிட்டு வர்றேன்! டிக்கெட்டை நீயே கிழி!" சரிவில் நிதானமாக இறங்கினாள். வயிறு நிறையச் சாப்பிடப் போகிறவளின் நடை. கொஞ்ச நேரத்தில் நாணலுக்கு அப்பால் ஒரு சின்ன மோட்டார் படபடவென்று உயிர் பெற்றது.

மரினால்வா முன்மூடியை இறக்கினாள். "சாந்தா ருஃபினாவுக்குத்தான்" என்று மாமரத்தடியைப் பார்த்துச் சொன்னாள். "நீங்களும் அந்தப் பக்கமா?"

"எங்களுக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான்" என்றான் சிவப்புச் சட்டை.

இடப்பக்கம் திரும்பினாள். பிக்கப்பும் திரும்பியது.

அந்தச் சாலையில் வேலியும் மாடுகளும் தவிர ஒன்றும் கிடையாது. அவள் வேகத்தைக் கூட்டினால் அவர்களும் கூட்டினார்கள். குறைத்தால் குறைத்தார்கள். ஒரு மரப்பாலத்தில் பிக்கப்பின் முன்பக்கம் அவள் காரின் பின்பக்கத்தை உரசிவிட்டு விலகியது. தட்டிப் பார்ப்பது மாதிரி.  அவள் மனசுக்குள் ஒரே கணக்கு. இவர்கள் என் பின்னால் வரும்வரை அவள் பின்னால் போகவில்லை. வாங்கடா. இன்னும் வாங்க. படகு வேகமாகப் போகட்டும்.

சாந்தா ருஃபினாவின் கோபுரம் தூரத்தில் தெரிந்தபோது தொலைபேசிக்கு உயிர் வந்தது. வந்த உடனே அலறியது. பெரெனீஸி.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? எத்தனை தடவை கூப்பிடறது! வேலை முடிஞ்சிடுச்சு!"

"நீதிபதியைப் பார்த்தீங்களா?"

"அவரு வேற விசாரணையில உக்காந்திருக்காரு. அந்தக் குமாஸ்தா எரால்டோ இருக்கானே, கல்லு. 'வாய்ப்பேச்செல்லாம் இங்க எடுபடாது மேடம், தளத்துல மனு போடுங்க, அஞ்சு நிமிஷத்துல நீதிபதி மேஜைக்குப் போயிடும்'னான். ஆபீஸுக்கு ஓடி வந்து, உன் பென்குவின் படம் போட்ட கணினியைத் திறந்து, நானே, என் கையால, ஸ்கேனர் இல்லாம பிடிஎஃப் பண்ணிட்டேன்டி! காரணம் எதுவும் எழுதல. நான் என்ன முட்டாளா? 'இணைப்பு நான்கை அவசரமாக மறைக்க வேண்டுகிறோம்', அவ்வளவுதான்."

மரினால்வாவின் கால் தானாக பிரேக்கில் அழுந்தியது.

"அக்கா. மனு போட்டா உடனே எதிர்த்தரப்புக்கும் அறிவிப்பு போகும்."

"ஐயோ!"

"ஏதோ இருக்குன்னு நாமளே விரல் நீட்டிக் காட்டிட்டோம், அக்கா."

"நான்... நான் வேற என்னடி பண்ணியிருக்கணும்? நீ எடுக்கவே இல்லையே..."

மரினால்வா கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பிக்கப்பும் நின்றுவிட்டிருந்தது. சிவப்புச் சட்டை காதில் தொலைபேசியை வைத்திருந்தான். தலையை ஆட்டினான். தொலைபேசியை இறக்கி, திரையில் எதையோ பார்த்தான். விரல்களால் பெரிதாக்கினான். ஓட்டுநரிடம் காட்டினான்.

பிறகு கண்ணாடி வழியாக மரினால்வாவைப் பார்த்துக் கை ஆட்டினான்.

பிக்கப் புழுதியைக் கிளப்பித் திரும்பியது. வந்த வழியே பறந்தது.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஊருக்குள் ஓடி எந்தத் தேவாலயத்திலாவது கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள். காரைத் திருப்பினாள். யாரும் பார்க்காத இடத்தில் வேலையை முடிப்பதுதான் அவர்கள் வழக்கம். பார்க்க ஒரு ஜோடிக் கண்ணாவது இருக்கட்டும் என்று பட்டது. பிக்கப் கிளப்பிய புழுதிதான் வழிகாட்டியது. பிரிவைத் தாண்டி, ஆற்றோரச் சாலையில், பெரெனீஸிக்குக்கூட அவள் சொல்லாத ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் புழுதி தயங்காமல் திரும்பியிருந்தது.

கொட்டகைக்கு எதிரே பிக்கப் கதவு திறந்தபடி நின்றது. வீட்டின் கதவும் திறந்திருந்தது. துப்பாக்கிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அது நல்லதா, தாமதமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோழிகள் முற்றத்தில் கொத்திக்கொண்டிருந்தன. மாவு அடுப்பிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.  இப்போதுதான். இப்போதுதான் போயிருக்கிறார்கள். அல்லது போகவே இல்லை.

சிவப்புச் சட்டை வீட்டுக்குள்ளிருந்து வந்தான். கையில் ஒரு ஊன்றுகோல். நஸில்டாவினுடையது.

அதன் அடிநுனியால் கார் கண்ணாடியில் தட்டினான். அவள் இறக்கினாள்.

"ஆளு இல்லையே வக்கீலம்மா." குரலில் கோபமே இல்லை. "கட்டில்ல சூடு இருக்கு. தட்டுல அசாய்ப் பழக்கூழ் பாதி இருக்கு. ஆளு மட்டும் இல்ல."

ஊன்றுகோலைக் கையில் உருட்டினான்.

"படம் நல்லாத் தெளிவு. எங்க வக்கீலய்யாவோட ஆள் எனக்கும் அனுப்பினாரு. கம்பியெல்லாம் எண்ணினேன்." ஊன்றுகோலை அவள் தோளில் லேசாக வைத்தான். "எங்க போனா?"

"எனக்குத் தெரியாது."

"தப்பாச் சொன்னா..."

"தெரியாது. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் கேட்கல."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை அவள் கண்ணில் இறங்கி எரிந்தது. இமைக்கவில்லை. பொய் சொல்கிறவர்களை நிறையப் பார்த்தவன் அவன். இவள் சொல்வது பொய் இல்லை என்பதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"தொலைபேசியைக் கொடுங்க."

கொடுத்தாள். ஒவ்வொரு படமாகத் தள்ளினான். அம்மா. பூனை. உத்தரவு நகல்கள். கால். கால். கால். கால். கடைசியில் தொலைபேசியைக் கிணற்றுக்குள் போட்டான். விழுந்த சத்தம் வர நேரமாயிற்று.

"ரேடியோல இனி கொஞ்சம் கம்மியாப் பேசுங்க" என்றான். "எங்க வீட்டுல நிம்மதி இல்ல."

பிக்கப் கிளப்பிய புழுதி அடங்கியதும் அவள் சாவியைத் திருப்பினாள். 

திரும்பும் மிதவையில் க்ரெவுசா வழக்கம்போல டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை பாவாடை நனைந்திருந்தது. மாமரத்தடி ஆட்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகும் அவள் குரலை இறக்கவில்லை. "நல்ல சாப்பாடு வக்கீலம்மா! எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்!" என்று மட்டும் கத்திவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள்.

நீதிபதி மறுநாள் இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, இணைப்பு நாலை மறைக்கச் சொல்லி. இன்னொன்று, படங்கள் தெளிவாக இருப்பதால் சாட்சியைக் காணொளியில் விசாரிக்கலாம் என்று. பெரெனீஸி இரண்டையும் அச்சடித்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்துவிட்டு, நின்றபடியே அழுதாள். மரினால்வா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். யார் யாரை மன்னிப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

விசாரணை நாளன்று திரையில் நஸில்டாவின் முகம் வந்தது. பின்னால் வெள்ளைப் போர்வை. இடுக்கில்கூட வேறு எதுவும் தெரியாதபடி யாரோ கவனமாகக் கட்டியிருந்தார்கள். எதிரே அனாக்லேட்டோ இஸ்திரி போட்ட சட்டையில், கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

வக்கீல் ஓட்டாவியானோ எழுந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, சாட்சியோட முகம் இருட்டா இருக்கு. இவங்கதான் அவங்கன்னு எப்படி நம்பறது? பக்கத்துல சன்னல் இருந்தா கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க. வெளிச்சம் வரட்டும்."

நீதிபதி திரையை நோக்கித் திரும்பினார். "அம்மா, உங்களால சன்னலைத்..."

"ஆட்சேபிக்கிறேன்!"

மரினால்வா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஓட்டாவியானோ மட்டும் பார்க்கவில்லை. அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, திரையிலிருந்து வரும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே எங்கோ ஒரு நாய் குரைத்தது. அவர் பேனா தாளில் எதையோ குறித்தது.

"முகம் தெரிகிறது. சன்னல் அப்படியே இருக்கட்டும்" என்றார் நீதிபதி.

"நான் வேணா கிட்ட வர்றேன் ஐயா" என்றாள் நஸில்டா. திரையை நிறைத்தது அவள் முகம். கன்னத்துத் தழும்பு தெரிந்தது. உதடு நடுங்குவதும் தெரிந்தது. "இப்பத் தெரியுதா? ஜெனிவால் அண்ணன் விழுந்தப்ப நான் இவ்வளவு கிட்டத்துலதான் நின்னேன். சுட்டவனும் இவ்வளவு கிட்டத்துலதான் நின்னான்."

"யார் சுட்டது?" என்றார் நீதிபதி.

நாய் மறுபடியும் குரைத்தது. இந்த முறை இன்னும் பக்கத்தில். நஸில்டா ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மரினால்வா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிடு. சீக்கிரம் சொல்லிடு.

நஸில்டா திரும்பினாள். கையை உயர்த்தி, திரைக்கு இந்தப் பக்கம் இஸ்திரி போட்ட சட்டையை நோக்கி நீட்டினாள்.

"அனாக்லேட்டோ" என்றாள், ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்கும்படி. "அதோ உக்காந்திருக்கானே, அவன்."

எழுத்தர் தட்டச்சு செய்து முடிக்கும்வரை யாரும் அசையவில்லை. சாட்சியம் பதிவாகிவிட்டது என்று அவர் தலையசைத்ததும் நீதிபதி இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார். திரை கறுத்தது.